'அக' என்று தொடங்கும் பெயர்கள்

செக் மொழியில் ரொட்டிக்கு 'ஹ்லேப்' என்று பெயர். எழுதும்போது சொல்லின் முதலில் ரோமன் எழுத்து சி வரும், அடுத்து எச் வரும். ஆனால் செக் அகராதியில் சி பகுதியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் ரொட்டி அகப்படாது. எலுமிச்சை இருக்கும், சர்க்கரை இருக்கும். ரொட்டி மட்டும் எச் பகுதி முடிந்த பிறகு, ஐ பகுதி தொடங்குவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். செக்காரர்களுக்கு சி-எச் சேர்ந்தது ஒரே எழுத்து, எச்சை அடுத்து வரும் தனி எழுத்து. பள்ளிக்கூடத்தில் அகரவரிசை ஒப்பிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் ஒப்பிக்கிறார்கள்.

அகராதி புரட்டுகிறவருக்கு இதில் தொல்லை ஏதும் கிடையாது. தொல்லை கணினிக்குத்தான். "சி-யில் தொடங்கும் சொற்களை எல்லாம் எடு" என்று ஒரு தரவுத்தளத்திடம் கேட்கிறோம். அது ரொட்டியை எடுத்துத் தர வேண்டுமா, கூடாதா? எழுத்தைப் பார்த்தால் தர வேண்டும். இருக்கும் இடத்தைப் பார்த்தால் சி பகுதியில் அது இல்லவே இல்லை. விளையாட்டுக் கேள்வி போலத் தெரியும் இதற்காகத் தரவுத்தளம் எழுதுகிறவர்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழும் இதில் மாட்டியிருக்கிறது.

தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழி 1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதில் 'லைக்' என்றொரு சொல் உண்டு. பெயர் 'அக%' போல இருக்கட்டும் என்று கேட்டால், 'அக' என்று தொடங்க வேண்டும், அதன் பிறகு எது வந்தாலும் பரவாயில்லை என்று பொருள். சதவீதக் குறி எத்தனை எழுத்துக்கும் ஈடாக நிற்கும். அடிக்கோடு ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் நிற்கும். தேடல் பெட்டியில் இரண்டெழுத்து தட்டியதும் கீழே பெயர்கள் வரிசையாக விழுகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு கேள்விதான் ஓடுகிறது.

பதில் சொல்ல ஒரு வழி, டேபிளில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் பார்ப்பது. பத்து லட்சம் பெயர் இருந்தால் பத்து லட்சத்தையும் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் இன்டெக்ஸ். பெயர்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் சில நூறு பெயர்கள் இருக்கும்படி அடுக்கிவைத்துவிட்டால், பத்து லட்சத்திலிருந்து ஒன்றைப் பிடிக்க மூன்று நான்கு பக்கங்களைத் திறந்தால் போதும். ஆனால் இன்டெக்ஸுக்கு 'போல' என்றால் புரியாது. அதற்குத் தெரிந்தது முன்னால், பின்னால், சமம். இவ்வளவுதான். அதனால் தரவுத்தளம் ஒரு தந்திரம் செய்கிறது. 'அக%' என்ற கேள்வியை இப்படி மாற்றிக்கொள்கிறது: 'அக'வில் ஆரம்பி, கடைசி எழுத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்து. யூனிகோடில் 'க' என்பது 2965. ஆக, அ-வை அடுத்து 2966 வரும் இடம் எல்லைக்கல். (2966இல் தமிழ் எழுத்து எதுவும் கிடையாது. இந்தியின் இரண்டாவது ககரத்துக்கு நேராக விட்டுவைத்த காலியிடம் அது. எல்லைக்கல்லாக நிற்க எழுத்தாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.) இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் 'அக' என்று தொடங்குபவர்கள், தொடங்குபவர்கள் எல்லாரும் நடுவில்தான் இருப்பார்கள். அழகான தந்திரம்.

அழகுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்டெக்ஸில் பெயர்கள் எண் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்க வேண்டும். மனிதர்களின் அகரவரிசை உள்ளே வந்ததும் தந்திரம் பொய்த்துவிடுகிறது.

தமிழையே பார்ப்போம். நம் அகராதிகளில் மெய்யெழுத்து முதலில், உயிர்மெய் பிறகு. 'அக்கா' முன்னால் வரும், 'அகம்' அதற்குப் பின்னால். இந்த முறைப்படி அடுக்கிய இன்டெக்ஸில் அக்பர், அகத்தியன், அகிலா என்று வரிசை அமையும். இப்போது தந்திரத்தை ஓட்டினால் 'அக'வில் ஆரம்பிக்கும். அகத்தியன் கிடைப்பார், அகிலா கிடைப்பார். அக்பர் 'அக'வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பதால் அவரைத் தாண்டிப் போய்விட்டோம். ஆனால் கணினியின் பார்வையில் அவர் பெயரும் அ, க என்றுதான் தொடங்குகிறது. புள்ளி என்பது க-வை அடுத்து வரும் மூன்றாவது குறி. லைக் சொல்லும் விதிப்படி அக்பர் பட்டியலில் இருந்தாக வேண்டும், இன்டெக்ஸோ அவரைக் கைவிட்டுவிட்டது. செக் ரொட்டிக்கு நேர்ந்தது அப்படியே நம் அக்பருக்கும்.

எந்த வரிசையில் அடுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்புக்கு லொகேல் என்று பெயர். மொழி எது, நாடு எது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால், தேதி எப்படி எழுதுவது, தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா, பெரிய எழுத்தைச் சின்னதாக்குவது எப்படி, அகரவரிசை எது என்று எல்லாம் அதன்படி நடக்கும். வரிசை பற்றிய பகுதியை மட்டும் கொலேஷன் என்பார்கள். 1989இல் வந்த அமெரிக்கத் தர நிர்ணயத்தில் சி மொழிக்குள் இந்த ஏற்பாடு நுழைந்தது. எந்த மொழியையும் சொல்லாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு லொகேல் வைத்தார்கள். அதன் பெயரும் 'சி'தான். சி லொகேலுக்கு மொழியும் கிடையாது, ஊரும் கிடையாது. எண் பெரியதா சிறியதா, அவ்வளவே.

போஸ்ட்கிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தரவுத்தளத்தை நிறுவும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால், அது இயங்குதளத்தில் இருக்கும் லொகேலை எடுத்துக்கொள்ளும். சர்வரை அமைத்தவர் என்றோ அமெரிக்க ஆங்கிலம் என்று டிக் அடித்திருப்பார். தரவுத்தளம் அதையே காலத்துக்கும் பிடித்துக்கொள்ளும். இந்த அமைப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஒருநாள் 'அக%' தேடல் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று பார்க்கப் போனால்தான் தெரியும். சி தவிர வேறு லொகேல் இருந்தால், வழக்கமான இன்டெக்ஸை லைக் கேள்விக்குப் போஸ்ட்கிரெஸ் தொடவே தொடாது. அக்பரைத் தவறவிடுவதைவிடப் பத்து லட்சம் வரிகளையும் படிப்பது மேல் என்பது அதன் கொள்கை. அதன் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. என்னைக் கேட்டால் சரியான கொள்கை. வேகமாகப் பொய் சொல்லும் தரவுத்தளம் யாருக்கு வேண்டும்?

பரிகாரமும் உண்டு. மொழியைக் கணக்கில் கொள்ளாமல் எண் வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். இதற்கென்றே 'பேட்டர்ன் ஆப்ஸ்' என்ற வகையை வைத்திருக்கிறார்கள். தேடலுக்கு ஓர் இன்டெக்ஸ், அகரவரிசைக்கு ஓர் இன்டெக்ஸ். ஒரே பத்தியில் இரண்டை வைத்துச் சோறு போடுவது வீண் செலவு என்று தோன்றலாம். ஆனால் 'எது எதைப் போல இருக்கிறது' என்பதும் 'எது எதற்கு முன்னால் வரும்' என்பதும் ஆரம்பத்திலிருந்தே இரண்டு வேறு கேள்விகள். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்குள் வேலை செய்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது, ஒரே இன்டெக்ஸில் முடித்துக்கொண்டார்கள். மற்ற மொழிகள் வந்ததும் தையல் விட்டுப்போயிற்று.

சரி, எல்லாவற்றையும் சி லொகேலிலேயே வைத்துக்கொண்டால் என்ன? தேடல் வேகமாக நடக்கும். ஆனால் வாடிக்கையாளர் பட்டியலை அகரவரிசையில் கேட்கும்போது குட்டு வெளிப்படும். பள்ளி முன்னால் வரும், பழம் பின்னால் வரும். கழுகுக்குப் பிறகு கவிதை. கனகாவுக்குப் பிறகு கபிலன். க, ங, ச என்று படித்தவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் உறுத்தும். ன-வுக்கு யூனிகோடில் 2985ஆம் இடம். ந 2984, ப 2986. நம் நெடுங்கணக்கில் கடைசியாக வரும் னகரம், அங்கே ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கிறது. அதேபோல் ற, ர-வை ஒட்டி. பிறகு ல, ள, ழ, வ என்று ஒரு வரிசை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யூனிகோடுக்கு முன்பே இந்திய அரசின் தரமான இஸ்கி என்ற குறியீடு இருந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்பது அதன் திட்டம், சட்டகம் தேவநாகரியை ஒட்டியது. தேவநாகரியில் ந-வுக்குக் கீழே புள்ளியிட்டுத் தமிழின் ன-வைக் காட்டும் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் புள்ளி வைத்த ந எந்தக் கட்டத்தில் இருந்ததோ அதே கட்டம் தமிழில் ன-வுக்கு ஒதுக்கப்பட்டது. 1991இல் வந்த யூனிகோடு இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆக, சி லொகேல் தமிழை வரிசைப்படுத்தும்போது உள்ளே ஓடுவது நாகரியின் அடுக்கு.

எண்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்; மொத்தம் பதினைந்து. மூன்றெழுத்துச் சொற்களைத் தேட மூன்று அடிக்கோடு போட்டு லைக் கேட்டால் 'தமிழ்' வராது. ஐந்து போட்டால் வரும். மூன்று போட்டால் 'படகு' கூட வராது, அதில் உகரக் குறி ஒன்று இருக்கிறது. 'நகர' வரும். ம-வில் முடியும் சொற்கள் வேண்டும் என்று '%ம' போட்டால் மரம், குளம், பணம் எதுவும் சிக்காது. அவை எல்லாம் கணினிக்குப் புள்ளியில் முடிகின்றன. யூனிகோடு எழுத்துக்கும் நாம் ஒன்று என்று எண்ணும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியை எந்த லொகேலும் நிரப்பித் தருவதில்லை.

லைக்கைவிடச் சிக்கலான தேடலுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒன்று இருக்கிறது. அதில் 'சொல்லாக அமையக்கூடிய எழுத்து' என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. பைத்தான் மொழியோடு வரும் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம் 'தமிழ்' என்பதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளைக் கையில் கொடுக்கும். கொக்கியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. எஸ்தோனியாக்காரர்களின் வருத்தம் வேறு வகை. அவர்கள் அகரவரிசையில் இசட், எஸ்ஸுக்கும் டீ-க்கும் நடுவில் வந்துவிடும். லொகேலை மதிக்கும் பழைய நிரல்களில் 'ஏ முதல் இசட் வரை' என்று எழுதினால் டீ, யூ, வீ எல்லாம் வெளியே நின்றுவிடும்.

இதுவரை பேசியது வரிசை. 'சமம்' என்பதும் மொழிக்கு மொழி மாறும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைத் தொடங்கிய நிறுவனம் சுவீடனில் 1995இல் பிறந்தது. நிறுவியவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி சுவீடிஷ் வரிசையை இயல்பாக வைத்துவிட்டார்கள். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் கடையின் வாடிக்கையாளர் பட்டியல் சுவீடிஷ் விதிப்படிதான் ஒப்பிடப்பட்டது. அந்த விதியில் இரட்டைப் புள்ளி வைத்த யூ-வும் ஒய்யும் சமம். ஜெர்மானிய முல்லரைத் தேடினால் ஒய் போட்டு எழுதிய இன்னொருவரும் கூடவே வருவார். உலகில் எத்தனை இணையதளங்கள் தங்களுக்குத் தெரியாமலே சுவீடன் இலக்கணத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

8.0இல் வந்த புதிய இயல்பு, யூனிகோடின் பொதுவான வரிசைமுறையைத் தழுவியது. அதில் ஒப்பீடு படிப்படியாக நடக்கும்: முதல் படியில் அடிப்படை எழுத்து, இரண்டாவதில் மேலே கீழே இடும் குறிகள், மூன்றாவதில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா. முதல் படியோடு நிறுத்திக்கொண்டால் குறிகளும் எழுத்தளவும் பொருட்டல்ல. பிரெஞ்சுப் பெயரைக் குறி இல்லாமல் தட்டினாலும் கிடைக்கும், வசதிதான். ஜப்பானில் இந்த வசதி வேடிக்கையாகிவிட்டது. அவர்களின் கதகானா எழுத்தில் 'ஹ'வின் தலையில் ஒரு குட்டி வட்டம் போட்டால் 'ப'. முதல் படியில் அந்த வட்டம் வெறும் குறி. ஜப்பானியத்தில் 'ஹஹா' என்றால் அம்மா, 'பபா' என்றால் அப்பா. அம்மாவைத் தேடினால் தரவுத்தளம் அப்பாவையும் அழைத்துவருகிறது. பெற்றோரில் வேற்றுமை பாராட்டாத கொலேஷன். ஜப்பானியப் புரோகிராமர்களிடையே இது 'ஹஹா-பபா பிரச்சினை' என்றே பெயர்பெற்றது. இதற்கு அண்ணன் 'சுஷி-பீர் பிரச்சினை'. பழைய கொலேஷன்களில் எமோஜிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்பதால், சுஷி படமும் பீர்க் கோப்பைப் படமும் சமம் என்று பதில் வரும். பின்னர் ஜப்பானியத்துக்கென்றே தனிக் கொலேஷன் சேர்த்தார்கள்.

மைஎஸ்கியூஎல் கையேட்டில் இருக்கும் இன்னொரு எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மன் தொலைபேசிப் புத்தக வரிசையில் இரட்டைப் புள்ளி வைத்த ஏ-யும், ஏ-ஈ என்ற இரண்டெழுத்தும் ஒன்று. இரண்டும் சமமா என்று கேட்டால், ஆம். ஒன்று மற்றதைப் 'போல' இருக்கிறதா என்று லைக் போட்டுக் கேட்டால், இல்லை! லைக் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும் என்பது எஸ்கியூஎல் தரம். ஓரெழுத்தை ஈரெழுத்தோடு எழுத்துக்கு எழுத்து எப்படிப் பொருத்துவது? ஆக, அவை சமம், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. தர்க்கம் படித்தவர்கள் தலையில் கைவைப்பார்கள். விதியைப் படித்தால் குற்றம் சொல்ல முடியவில்லை.

இந்தப் படிகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை தமிழுக்கு இல்லை. துருக்கிக்கு அது இரட்டிப்பு. 1928 நவம்பர் 1ஆம் தேதி துருக்கி சட்டம் போட்டு அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறியது. அப்போது ஐ-யை இரண்டாகப் பிரித்தார்கள்: புள்ளி வைத்தது ஓர் ஒலி, வைக்காதது வேறொலி. சின்னதானாலும் பெரியதானாலும் புள்ளி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. நியாயமான ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் சின்ன ஐ-க்குப் புள்ளி வைத்துப் பெரிய ஐ-க்கு எடுத்துவிடும் ஆங்கிலம்தான் விசித்திரம். ஆனால் கணினியில் ஆங்கிலத்தின் விசித்திரமே இயல்பாகிவிட்டது. யூனிகோடில் 73 என்ற பெரிய ஐ-யைச் சின்னதாக்கினால் ஆங்கிலத்தில் 105. துருக்கியத்தில் புள்ளியில்லாத 305. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடப் போஸ்ட்கிரெஸில் 'ஐலைக்' உண்டு. துருக்கி லொகேலில், முழுக்கப் பெரிய எழுத்தில் இன்ஃபோ என்று சேமித்திருக்கும் ஒரு முகவரியைச் சின்ன எழுத்தில் தேடினால் கிடைக்காது. பிஎச்பி மொழியில் துருக்கி லொகேல் வைத்தால், பெயரில் பெரிய ஐ இருக்கும் கிளாஸ்களை மொழியே கண்டுபிடிக்க முடியாமல் திணறும் பிழை பல ஆண்டுகள் நீடித்தது. போஸ்ட்கிரெஸின் மூல நிரலிலும் துருக்கிய ஐ விசித்திரமாக நடந்துகொள்ளக்கூடும் என்று ஒரு குறிப்பு எழுதி, அதற்காகவே டேபிள் பெயர்களில் வரும் ஆங்கில எழுத்துகளுக்கு லொகேலைப் பார்ப்பதில்லை என்று ஒதுங்கியிருக்கிறார்கள்.

இவை எல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் சமாளித்துவிடலாம். விதியே திடீரென்று மாறிவிட்டால்?

மாறத்தான் செய்கிறது. ஸ்பானிய மொழிக்கும் செக்கைப் போலவே சி-எச் தனி எழுத்தாக இருந்தது. 1994இல் மொழிக் கழகங்கள் கூடி அதை சி-க்குள்ளேயே அடுக்கலாம் என்று முடிவெடுத்தன. சுவீடிஷ் மொழியில் டபிள்யூ என்பது வீ-யின் இன்னொரு வடிவமாகத்தான் கருதப்பட்டது. 2006இல் வந்த சொற்பட்டியலில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. மொழி மாறினால் வரிசையைச் சொல்லும் நிரலும் மாற வேண்டும். லினக்ஸ் கணினிகளில் அந்த வேலையைச் செய்வது ஜிலிப்சி என்ற அடித்தள நூலகம். 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில், பன்னாட்டுத் தரத்தோடு ஒத்துப்போவதற்காக ஏறத்தாழ எல்லா மொழிகளின் வரிசை அட்டவணையையும் ஒரேயடியாகப் புதுப்பித்தார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. அதன் விளைவைத் தரவுத்தளக்காரர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அனுபவித்தார்கள்.

அமெரிக்க ஆங்கில லொகேலில் ஒரு கதவிலக்கத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். 11 என்று ஒரு வீடு, 1-1 என்று ஒரு வீடு. பழைய விதி முதலில் இடைக்கோட்டைக் கண்டுகொள்ளாது. இரண்டும் பதினொன்று போலத்தான், கடைசியில் மட்டும் பிரித்து 11 முன்னால், 1-1 பின்னால் என்று வைக்கும். புதிய விதியில் இடைக்கோட்டுக்கும் எடை உண்டு. 1-1 முன்னால், 11 பின்னால். இன்டெக்ஸ் பழைய விதிப்படி வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் இயங்குதளத்தை அப்டேட் செய்கிறார்கள். டெபியன் 10, ரெட் ஹேட் 8 எல்லாம் புதிய ஜிலிப்சியோடு வந்தவை. தரவுத்தளக் கோப்பு எதையும் யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை ஒருவர் 1-1ஐத் தேடுகிறார். இன்டெக்ஸின் நடுவில் 11 நிற்கிறது. 1-1 இதற்கு எந்தப் பக்கம்? புதிய விதி இடப்பக்கம் என்கிறது. இடப்பக்கம் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஏனென்றால் வீடு வலப்பக்கம் இருக்கிறது. "அப்படி ஒரு கதவிலக்கம் இல்லை" என்று பதில் வருகிறது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இல்லை என்றதும் அவர் புதிதாக 1-1 என்று பதிவு செய்கிறார். இரட்டைப் பதிவு கூடாது என்று விதித்திருந்தாலும் அந்த விதியைக் காப்பதும் இதே இன்டெக்ஸ்தான். அதற்கும் பழைய 1-1 தெரியவில்லை. இப்போது ஒரே வீடு இரண்டு முறை. பழுதான இன்டெக்ஸைத் திரும்பக் கட்டலாம் என்று போனால், இரட்டைப் பதிவு இருக்கிறது என்று அது கட்ட மறுக்கும்.

இரண்டு சர்வர்களில் ஒரே தரவை நகலெடுத்து வைத்து, ஒன்றில் பழைய ஜிலிப்சியும் மற்றதில் புதியதும் இருந்தாலும் இதே கதி. போஸ்ட்கிரெஸ் குழுவினருக்கு ஜிலிப்சி மீது ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. வரிசைப்படுத்துவதை விரைவாக்க 9.5 பதிப்பில் ஒரு புது உத்தியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு சொற்களை நேராக ஒப்பிடும் செயல்பாடு ஒன்றும், ஒப்பீட்டுக்கு ஏற்ற சுருக்கச் சாவியைத் தயாரித்துத் தரும் செயல்பாடு இன்னொன்றும் ஜிலிப்சியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பது தரம். சில லொகேல்களில் தரவில்லை. ஒரே நூலகத்துக்குள் ஒரு கை சொல்வதை இன்னொரு கை மறுத்தது. 2016 மார்ச்சில் வந்த 9.5.2இல், சி தவிர மற்ற லொகேல்களுக்கு அந்த உத்தியையே நிறுத்திவைத்தார்கள்.

அதன் பிறகு போஸ்ட்கிரெஸ் போன திசை தெளிவாகத் தெரிகிறது: வரிசை விஷயத்தில் இயங்குதளத்தை நம்பாதே. 2017இல் 10ஆம் பதிப்பு, யூனிகோடுக்காகவே உருவான ஐசியூ நூலகத்தின் கொலேஷன்களைச் சேர்த்தது. ஐசியூவும் மாறும், ஆனால் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டு மாறும். தரவுத்தளம் அந்தப் பதிப்பெண்ணைக் குறித்துவைத்து, மாறியிருந்தால் எச்சரிக்கும். 2024இல் 17ஆம் பதிப்பில் ஒரு படி மேலே போய், வெளி நூலகம் எதையும் சாராத உள்ளமைந்த லொகேல் ஒன்றை வைத்தார்கள்: வரிசை எண் வரிசைதான், ஆனால் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாற்றம் யூனிகோடு விதிப்படி நடக்கும். புதிதாகத் தமிழ்த் தரவுத்தளம் தொடங்குகிறவருக்கு நான் சொல்வதும் இதுதான். சேமிப்பும் தேடலும் எண் வரிசையில் நடக்கட்டும். திரையில் பட்டியல் காட்டும் அந்த ஒரு கேள்வியில் மட்டும் ஐசியூவின் தமிழ்க் கொலேஷனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழம் முன்னால் வரும், பள்ளி பின்னால் வரும், தேடலும் இன்டெக்ஸும் பாதிக்கப்படாது.

வரிசை இப்படிச் சரியானாலும், எது எதற்குச் சமம் என்ற தொல்லை தமிழிலும் மிச்சமிருக்கிறது. கொ என்ற எழுத்தை 2965, 3018 என்றும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்று ஒப்புக்கொள்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் லைக்கிற்கு அவை வேறு வேறு. சேமிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம். போஸ்ட்கிரெஸ் 13இல் அதற்கென்று ஒரு செயல்பாடே வந்துவிட்டது. சமமானவற்றைச் சமம் என்றே கருதும் கொலேஷன்கள் 2019இல் 12ஆம் பதிப்பில் வந்தன. ஆனால் அவற்றோடு லைக் வேலை செய்ய மறுத்தது. 2025இல் 18ஆம் பதிப்பில்தான் இரண்டும் சேர்ந்து போக முடிந்தது. எழுத்துக்கு எழுத்து பார்ப்பதையும் மொழி வழக்கப்படி சமம் பார்ப்பதையும் ஒன்றாக இணைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்த ஆறு ஆண்டுகளே சாட்சி.

ஸ்ரீ விஷயத்தில் யூனிகோடே கைவிரித்துவிடும். ஸ-வில் தொடங்கியும் அதை எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். இரண்டையும் எழுத்துருக்கள் ஒரே மாதிரி வரையும். ஆனால் இவை சமம் என்று எந்த விதியும் சொல்வதில்லை. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பாதிப் பேர் ஒரு தேடலில், மீதிப் பேர் இன்னொரு தேடலில்.

இதையும்விடப் பரவலானது ஔகாரம். கௌதமன் என்று எழுத ஔகாரக் குறி இருக்கும்போது, கெ-வை அடுத்து ள-வைத் தட்டிக் கெளதமன் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அச்சில் வேறுபாடு கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும். மௌனம் மெளனம் ஆகிறது, வௌவால் வெளவால் ஆகிறது. 'கௌ%' என்று தேடினால் பாதிக் கௌதமன்கள் வரமாட்டார்கள். எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கிவிடலாம் என்று ஒரே வரியில் நிரல் எழுதினால் கெளுத்தி மீன் செத்துப்போகும். சரி, ள-வுக்குப் பின்னால் கொக்கியோ காலோ புள்ளியோ இல்லாமல் மொட்டையாக நின்றால் மட்டும் மாற்று என்று விதியைக் கொஞ்சம் கூர்மையாக்கலாம். கெளுத்தி பிழைத்துக்கொள்ளும், மெள்ள என்ற சொல்லும் தப்பிக்கும். அரசு ஆவணங்களுக்கும் பெயர்ப் பட்டியல்களுக்கும் இந்த விதி பெரும்பாலும் தாங்கும். சிறுகதைகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தில் இதை ஓட்டிவிடாதீர்கள். பேச்சுத் தமிழில் வெளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், விதி அதை வௌக்குமாறு ஆக்கிவிடும்.